சுங்க அடையாள எண்: வாங்குவது சுலபம், யார் பெயரில் என்பதுதான் பெரிய விஷயம்

நாடு தாண்டி சரக்கு வாங்கி விற்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் சப்ளையரைத் தேடுவார்கள், அப்புறம் விலை பேசுவார்கள், அப்புறம் கப்பலா விமானமா என்று கணக்குப் போடுவார்கள். தொழிலைச் சுங்கத்தில் பதிவு செய்து ஓர் அடையாள எண் வாங்க வேண்டும் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். கிளியரிங் ஏஜென்ட் "உங்க நம்பரைச் சொல்லுங்க, என்ட்ரி போடணும்" என்று, அதாவது சுங்க அறிக்கை தாக்கல் செய்ய, கேட்கும்போது முழிப்பவர்கள் நிறைய பேர். அதற்குள் சரக்கு பாதிக் கடலைத் தாண்டியிருக்கும், இல்லையென்றால் துறைமுகத்தில் இறங்கி, தாமதத்துக்கான டெமரேஜ் கட்டணம் ஏற ஆரம்பித்திருக்கும்.

எண் வாங்குவது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பல நாடுகளில் இலவசம், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். அதனால் படிவம் நிரப்புவதைப் பற்றி இங்கே கொஞ்சமாகத்தான் சொல்லப் போகிறேன். அந்த எண் எதற்காக இருக்கிறது, அது யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் சுங்க அறிக்கையில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறதோ, சுங்கத்துறை முதலில் தேடி வருவது அவரைத்தான். டூட்டி, அதாவது சுங்க வரி, குறைவாகக் கட்டப்பட்டிருந்தாலும், சரக்கின் வகை தப்பாகக் காட்டப்பட்டிருந்தாலும், இரண்டு வருடம் கழித்து ஆடிட் வந்தாலும் கடிதம் அந்த எண்ணுக்குரியவரின் முகவரிக்குத்தான் போகும். இது தெரியாமலே எண் வாங்குகிறார்கள், அடுத்தவர் எண்ணில் சரக்கு எடுக்கிறார்கள், தங்கள் எண்ணைத் தெரிந்தவருக்குக் கொடுக்கிறார்கள். இந்த மூன்றும்தான் சிக்கலின் வேர்.

முதலில், எந்த நாட்டில் என்ன பெயர் என்று பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை இயோரி எண் என்கிறார்கள். பிரிட்டனும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் எண் தனி. இந்தியாவில் ஐ.இ.சி., அதாவது இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு. இதைக் கொடுப்பது சுங்கத்துறை இல்லை, வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம், 7ஆம் பிரிவில், இந்தக் குறியீடு இல்லாமல் யாரும் இறக்குமதியோ ஏற்றுமதியோ செய்யக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்காவில் இதற்கென்று புதிதாக ஓர் எண் கிடையாது. வருமான வரித்துறை கொடுக்கும் ஈ.ஐ.என். எண்ணுக்குப் பின்னால் இரண்டு எழுத்துகளோ இலக்கங்களோ சேர்த்து, 5106 என்ற படிவத்தில் சுங்கத்திடம் பதிந்துகொள்ள வேண்டும். ஈ.ஐ.என். இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சுங்கமே ஓர் எண் ஒதுக்கும். கனடாவில் ஒன்பது இலக்க பிசினஸ் நம்பருடன் 'ஆர்.எம்.' என்று தொடங்கும் இறக்குமதி ஏற்றுமதிக் கணக்கு சேரும். ஆஸ்திரேலியாவில் தொழில்களுக்கான ஏ.பி.என். எண் போதும், அது இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு சுங்க வாடிக்கையாளர் எண் உண்டு. சிங்கப்பூரில் நிறுவனங்களுக்கான யூ.இ.என். எண்ணை வைத்துச் சுங்கக் கணக்கை ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு சரக்கையும் ஒரு குறிப்பிட்ட சட்ட ரீதியான ஆளோடு, அதாவது ஒரு தனிநபரோடோ கம்பெனியோடோ, சந்தேகமில்லாமல் இணைப்பது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஒரே பெயரில் பத்து டிரேடர்ஸ் இருப்பார்கள், ஒரே கம்பெனியின் பெயரைப் பத்து விதமாக எழுதுவார்கள். எண் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

இந்த எண்களின் முக்கியத்துவம் கூடியதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் சுங்கத்தின் முதல் கவலை வரி. சரக்கு வந்து இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, சரக்கு கிளம்புவதற்கு முன்னாலேயே அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தெரிய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2002இல் அமெரிக்கா 24 மணி நேர விதியைக் கொண்டுவந்தது: கன்டெய்னரை வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அதன் விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2005இல் உலகச் சுங்க அமைப்பு பாதுகாப்பான வர்த்தகத்துக்கான தன்னுடைய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஐரோப்பாவும் தன் சுங்கச் சட்டத்தைத் திருத்தியது. முன்கூட்டியே வரும் தகவலை கம்ப்யூட்டர் சலித்துப் பார்த்து, எதைத் திறந்து பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க வேண்டுமானால், அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே மாதிரியான எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். அதுவரை ஒன்றியத்தின் ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி எண் வைத்திருந்தது. 2009 ஜூலை 1 முதல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக இயோரி வந்தது. ஒரு நாட்டில் ஒருமுறை பதிந்தால் ஒன்றியம் முழுக்கச் செல்லும். இன்னொரு நாட்டில் திரும்பப் பதிய வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் எண்ணின் பின்னால் ஒரு வரலாறு சேர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். எந்தச் சரக்கு, எங்கிருந்து, என்ன மதிப்பில், எத்தனை முறை திருத்தம், எத்தனை முறை பரிசோதனை, எல்லாமே அந்த எண்ணின் கீழ் சேரும். ஒழுங்காக நடப்பவருக்கு இது சொத்து. நம்பகமான வர்த்தகர் என்ற ஏ.இ.ஓ. அங்கீகாரத்துக்குப் பின்னால் விண்ணப்பித்தால் உங்கள் கடந்த காலத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அது கிடைத்தால் பரிசோதனைகள் குறையும், சரக்கு சீக்கிரம் வெளியே வரும்.

எண்ணையே கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரிட்டனில் ஜி.பி. 123456789000 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்து நாடு. அடுத்த ஒன்பது இலக்கம் அந்த நிறுவனத்தின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண். கடைசி மூன்று பூஜ்யம் நிரப்புவதற்காக. வாட் பதிவு உள்ள நிறுவனங்களுக்கு வழக்கமான அமைப்பு இதுதான், ஆகவே இந்த எண் வரிக் கணக்கோடு பின்னிப் பிணைந்தது. இந்தியாவில் இந்தப் பிணைப்பு இன்னும் முழுமையானது: முன்பு ஐ.இ.சி. தனி எண்ணாக இருந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நிறுவனத்தின் பான் எண்ணையே ஐ.இ.சி. எண்ணாக்கிவிட்டார்கள். பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றால் தனிநபர், 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டாண்மை நிறுவனம், 'எச்' என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடுகிறது, இந்தச் சரக்குக்குப் பொறுப்பு ஒரு மனிதரா, ஒரு கம்பெனியா என்று.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே வருகிறது. தனி உரிமையாளராகத் தொடங்கி நன்றாக வளர்ந்து, பிறகு பிரைவேட் லிமிடெட் ஆக மாறுகிறீர்கள் என்றால், உங்கள் கண்ணுக்கு அதே கடை, அதே ஆட்கள், அதே பெயர்ப் பலகை. சட்டத்தின் கண்ணுக்கு அது புது ஆள். பான் மாறும், ஆகவே ஐ.இ.சி. மாறும். பழைய எண்ணிலேயே புதுக் கம்பெனிக்கு இன்வாய்ஸ் போட்டு சரக்கு வரவழைத்தால் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. மற்ற நாடுகளிலும் தர்க்கம் இதேதான். தொழிலின் சட்ட வடிவத்தை மாற்றப் போகிறவர்கள் வழியில் எந்தச் சரக்கும் இல்லாத நேரமாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

பிரிட்டன் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தடுமாறுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்தவரை ஜி.பி. என்று தொடங்கும் இயோரி ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு தொடர்ந்த மாற்றக் காலம் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது, அதோடு அதுவும் முடிந்தது. இப்போது பிரிட்டன் நிறுவனம் தன் பெயரில் ஒன்றியத்துக்குள் சரக்கை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் ஏதாவது ஓர் உறுப்பு நாட்டின் இயோரி தனியாக வேண்டும். அதேபோல ஒன்றிய நிறுவனம் தன் பெயரில் பிரிட்டனுக்குள் கொண்டுவர ஜி.பி. எண் வேண்டும். வட அயர்லாந்து சம்பந்தப்பட்ட சரக்குப் போக்குவரத்துக்கு எக்ஸ்.ஐ. என்று தொடங்கும் எண். இந்த மாற்றம் எத்தனை பேரைத் தொட்டது என்பதற்கு ஓர் அளவு: 2019 ஆகஸ்டில் பிரிட்டன் அரசு, வாட் பதிவு இருந்தும் இயோரி இல்லாத 88,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தானாகவே எண் ஒதுக்கியது. அதுவரை பக்கத்து நாட்டோடு மட்டும் வியாபாரம் செய்து, சுங்கம் என்ற வார்த்தையையே கேட்காமல் இருந்தவர்கள் அவர்கள்.

யார் பெயரில் பதிய வேண்டும்?

இதுதான் நின்று நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆளுக்கொரு நாடு. ஏற்றுமதி அறிக்கையில் ஒருவரின் எண், இறக்குமதி அறிக்கையில் ஒருவரின் எண். சாதாரணமாக விற்பவர் தன் நாட்டில் ஏற்றுமதியாளர், வாங்குபவர் தன் நாட்டில் இறக்குமதியாளர். இப்படி இருந்தால் ஆளுக்கு ஒரு எண், பிரச்சினை இல்லை. சிக்கல் தொடங்குவது, இன்வாய்ஸில் மூன்றெழுத்தில் ஒரு டெலிவரி நிபந்தனையை, விளைவு தெரியாமல் எழுதிவிடும்போது.

சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளில் பதினொரு நிபந்தனைகள் இருக்கின்றன. அதில் இரு ஓரங்களில் நிற்பவை டி.டி.பி.யும் எக்ஸ்-ஒர்க்ஸும்.

டி.டி.பி. என்றால் விற்பவரே எல்லாம் பார்த்துக்கொள்வார்: சரக்குக் கட்டணம், இறக்குமதி கிளியரன்ஸ், டூட்டி, எல்லாம். வாங்குபவருக்கு வாசலில் வந்து சேரும். கேட்கும்போது வாங்குபவருக்கு இனிக்கும், விற்பவருக்கும் ஆர்டர் பிடிக்க நல்ல வார்த்தை. ஆனால் அதன் பொருள், விற்பவர் தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டில் இறக்குமதியாளர் ஆகிறார் என்பது. அப்படியானால் அந்த நாட்டு எண் அவருக்கு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எண் மட்டும் போதாது. இறக்குமதிக்குச் சுங்க அறிக்கை தாக்கல் செய்பவர் பொதுவாக ஒன்றியத்துக்குள் நிலைபெற்றவராக இருக்க வேண்டும் என்று அங்கே விதி. ஆகவே வெளியே இருக்கும் நிறுவனம் மறைமுகப் பிரதிநிதி ஒருவரை வைக்க வேண்டும். அவர் தன் பெயரிலேயே, ஆனால் உங்களுக்காக, அறிக்கை தாக்கல் செய்வார்; வரிக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு, அவரும் பொறுப்பு. இவ்வளவு சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள எல்லா ஏஜென்டுகளும் முன்வர மாட்டார்கள். வருபவர்கள் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், கட்டணமும் கூட்டிக் கேட்பார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு நிறுவனம் இறக்குமதியாளராக இருக்கலாம், ஆனால் சரக்கு வரும் துறைமுகம் இருக்கும் மாநிலத்தில் சட்ட நோட்டீஸ் வாங்கிக்கொள்ள ஒரு முகவரை நியமிக்க வேண்டும், அமெரிக்க ஜாமீன் நிறுவனம் ஒன்றிடமிருந்து சுங்கப் பத்திரமும் எடுக்க வேண்டும்.

டி.டி.பி. என்று ஒப்புக்கொண்டுவிட்டு, விற்பவருக்கு எண் இல்லாததால் வாங்குபவர் எண்ணிலேயே என்ட்ரி போடச் சொல்லிவிடுவதும் நடக்கிறது. டூட்டியை விற்பவர் கட்டிவிடுவார், வாங்குபவரும் சந்தோஷமாக இருப்பார். ஆனால் ஆவணப்படி இறக்குமதியாளர் வாங்குபவர்தான். விற்பவர் டூட்டியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால், அந்தப் பொய் வாங்குபவரின் எண்ணில் பதிவாகியிருக்கிறது. இது எவ்வளவு ஆபத்து என்று பலர் உணர்வதே இல்லை. டி.டி.பி.யில் வாங்குகிறவர்கள் "யாருடைய எண்ணில் என்ட்ரி போடுவீர்கள்?" என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். 'எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார்' என்று பதில் வந்தால் அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள்.

எக்ஸ்-ஒர்க்ஸ் இதற்கு நேர் எதிர். விற்பவர் தன் கோடவுனில் சரக்கை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஏற்றுமதி கிளியரன்ஸ் உட்பட மிச்சமெல்லாம் வாங்குபவர் பொறுப்பு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏற்றுமதியாளர் ஒன்றியத்துக்குள் நிலைபெற்றவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வாங்குபவர் ஏற்றுமதியாளர் ஆக முடியாது. கடைசியில் விற்பவர் எண்ணில்தான் போகும், அல்லது உள்ளூரில் யாரையாவது அந்தப் பொறுப்பை ஏற்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக எஃப்.சி.ஏ. என்ற நிபந்தனையை முதலிலேயே எழுதியிருந்தால் ஏற்றுமதி கிளியரன்ஸ் விற்பவருடையது என்று தெளிவாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால், இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் நாட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிக்கக்கூடிய நிபந்தனைகளே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்லவை. எஃப்.சி.ஏ., சி.பி.டி., டி.ஏ.பி. போன்றவை அந்த வகையில் சேரும்.

வரிக் கடனை மட்டும் பார்த்தால் போதாது, வரித் தள்ளுபடியையும் பார்க்க வேண்டும். இறக்குமதியின்போது கட்டும் வாட் அல்லது, இந்தியாவில், ஐ.ஜி.எஸ்.டி. வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை, ஆவணத்தில் இறக்குமதியாளராக இருப்பவருக்கே போகும். இந்தியாவில் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியில் எந்த ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதோ அதற்குத்தான் கிரெடிட். காசு கட்டியது நீங்கள், எண் இன்னொருவருடையது என்றால் அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வராது.

இரவல் எண்

"தெரிந்தவர் ஒருவரிடம் ஐ.இ.சி. இருக்கிறது, அவர் பெயரில் எடுத்துவிடலாம், கொஞ்சம் கமிஷன் கொடுத்தால் போதும்" என்று யோசனை சொல்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. இரண்டு பக்கமும் இது கெடுதல். எண் கொடுத்தவருக்கு, தான் பார்க்காத, தொடாத சரக்கின் மொத்தப் பொறுப்பும் வந்து சேர்கிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே வேறு ஏதாவது இருந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். எண் வாங்கியவருக்கு, தன் பணத்தில் வந்த சரக்கு சட்டப்படி இன்னொருவர் பெயரில் நிற்கிறது, வங்கியில் பணம் அனுப்பிய கணக்கும் சரக்கு எடுத்த பெயரும் ஒத்துப்போகாது. இந்தியச் சுங்கச் சட்டத்தில் 2017இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, இறக்குமதியாளர் என்ற வரையறைக்குள் சரக்கின் உண்மையான பயனாளியையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே பின்னால் மறைந்து நிற்பவரும் தப்ப முடியாது, முன்னால் நிற்பவரும் தப்ப முடியாது.

கிளியரிங் ஏஜென்ட் உங்களிடம் ஆயிரம் கேள்வி கேட்பதற்கும் இதுவே காரணம். இந்தியாவில் 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிகளின்படி, வாடிக்கையாளரின் ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண், ஆள் அடையாளம், சொன்ன முகவரியில் உண்மையிலேயே தொழில் நடக்கிறதா என்பதையெல்லாம் சரிபார்ப்பது தரகரின் கடமை. தவறினால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து. ஆகவே மூன்றாவது முறையாக முகவரிச் சான்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். ஒன்றுமே கேட்காமல் வேலையை எடுத்துக்கொள்ளும் ஏஜென்டிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

விண்ணப்பம்

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான நாடுகள் கேட்பது ஏறக்குறைய ஒன்றே: தொழிலின் சட்டபூர்வப் பெயர், பதிவு முகவரி, வரி எண், தொழில் தொடங்கிய தேதி, என்ன தொழில், தொடர்புக்கு ஓர் ஆள். பிரிட்டனில் அரசு லாகின், வரி செலுத்துபவர் எண், தொழில் வகைக் குறியீடு, வாட் பதிவு இருந்தால் அதன் எண்ணும் தேதியும் கேட்பார்கள். பத்து நிமிட வேலை. உடனே வந்துவிடும், கூடுதல் சரிபார்ப்பு தேவைப்பட்டால் ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். இந்தியாவில் பான், முகவரிச் சான்று, கணக்கு விவரத்துக்கு ரத்து செய்த காசோலை, கையெழுத்துக்கு ஆதார் அல்லது டிஜிட்டல் சிக்னேச்சர். கட்டணம் 500 ரூபாய்.

இவ்வளவுதான் என்பதால்தான் இந்த எச்சரிக்கை அவசியமாகிறது: அரசுத் தளம் போலவே வடிவமைத்து, அதே நிறங்களில், இலவசமாகக் கிடைக்கும் பதிவுக்குப் பெரிய தொகை வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. தேடலில் விளம்பரமாக மேலே வருவது பல நேரம் அவைதான். முகவரிப் பட்டையில் அது அரசின் டொமைன்தானா என்று பார்த்துவிட்டுப் பிறகு பான் எண்ணையோ வங்கி விவரத்தையோ தட்டுங்கள். ஆடிட்டரிடமோ ஏஜென்டிடமோ கட்டணம் கொடுத்துச் செய்வது வேறு விஷயம், அதில் தப்பில்லை. தெரியாத தளத்தில் தொழிலின் மொத்த விவரத்தையும் கொட்டுவதுதான் தப்பு.

விண்ணப்பத்தில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது ஒரே இடத்தில்: பெயர். வரிப் பதிவில் 'அண்ட் கோ' என்று இருக்கிறது, வங்கியில் சுருக்கி எழுதியிருக்கிறது, சப்ளையர் இன்வாய்ஸில் கடையின் பிராண்டு பெயரைப் போட்டிருக்கிறார், கப்பல் ரசீதில் உரிமையாளரின் சொந்தப் பெயர் இருக்கிறது. மனிதர் பார்த்தால் நான்கும் ஒரே ஆள் என்று புரியும். சிஸ்டத்துக்கு நான்கும் நான்கு பேர். எண் சரியாக இருந்தும் இப்படிப் பெயர் ஒட்டாமல் சரக்கு நிற்பது சர்வசாதாரணம். பதிவுச் சான்றில் உள்ள பெயரை எழுத்து மாறாமல், புள்ளி மாறாமல் நகலெடுத்து, எண்ணோடு சேர்த்து, சப்ளையருக்கும் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டருக்கும் எழுத்தில் அனுப்பி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் இதுவே இருக்க வேண்டும் என்று முதல் ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு பில் ஆஃப் லேடிங்கைத் திருத்துவது காசும் நேரமும் தின்னும் வேலை.

எதிர்த்தரப்பு கொடுக்கும் எண்ணையும் சரிபார்க்கலாம். ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டன் அரசும் இயோரி எண்ணைத் தட்டிப் பார்க்கும் வசதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. எண் செல்லுமா செல்லாதா என்று சொல்லும். அந்த நிறுவனம் சம்மதித்திருந்தால் பெயரும் முகவரியும்கூடத் தெரியும். புது வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும்.

எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டால், ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே என்பேன். சரக்கு வந்து சேரும் நாளை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கடல் வழியாக அமெரிக்கா போகும் சரக்குக்கு, ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இறக்குமதியாளர் தரப்பு ஒரு முன்தகவல் தாக்கல் செய்ய வேண்டும், அதில் இறக்குமதியாளர் எண்ணும் ஓர் அங்கம். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். ஐரோப்பாவின் ஐ.சி.எஸ்.2 என்ற முன்தகவல் ஏற்பாடும் கன்டெய்னர் சரக்குக்கு இதே மாதிரி ஏற்றுவதற்கு முந்தைய தகவலைக் கேட்கிறது. கப்பல் கடலில் இருக்கும் நாட்களை அவகாசமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எண் கையில் வந்ததும் சரக்கு ஓடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த எண்ணோடு இன்னும் சில கொக்கிகளை மாட்ட வேண்டும். இந்தியாவில் ஏற்றுமதி செய்ய, வங்கி கொடுக்கும் ஏ.டி. கோடை இந்தியச் சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுமதி அறிக்கையான ஷிப்பிங் பில் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை எந்த வங்கி கணக்குக் காட்டப் போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வர்த்தக இறக்குமதிக்கு 2,500 டாலரைத் தாண்டினால் பொதுவாகச் சுங்கப் பத்திரம் வேண்டும். ஆண்டு முழுக்கச் செல்லும் பத்திரம் எடுத்தால் குறைந்தபட்சத் தொகை 50,000 டாலர். இது ஜாமீன் அளவு, நீங்கள் கட்டும் பிரீமியம் அதில் சிறு பங்குதான். கனடாவில் 2024 அக்டோபர் 21 அன்று கார்ம் என்ற புதிய முறை வந்தது. முன்பு இறக்குமதியாளர்கள் தங்கள் தரகரின் ஜாமீனிலேயே சரக்கை முதலில் எடுத்து, பிறகு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது இறக்குமதியாளரே தளத்தில் பதிந்து, தன் சொந்த ஜாமீனை வைத்தால்தான் அந்தச் சலுகை. அங்கேயும் பொறுப்பு எண்ணுக்குரியவரையே வந்து சேர்வதைக் கவனியுங்கள்.

தனிப்பட்ட உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் வரவழைக்கிறவருக்கு இந்த எண் பொதுவாகத் தேவையில்லை. இந்தியாவில் வியாபாரத்தோடு தொடர்பில்லாத சொந்த உபயோகப் பொருட்களுக்கு ஐ.இ.சி. விலக்கு உண்டு, ஒன்றியத்திலும் எப்போதாவது பார்சல் வாங்கும் தனிநபரிடம் இயோரி கேட்பதில்லை. ஆனால் "சின்னச் சின்னப் பார்சலாக வரவழைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று அதையே தொழில் முறையாக்குவது இனி நடக்காது. 800 டாலர் வரை டூட்டி இல்லாமல் விட்டுக்கொண்டிருந்த அமெரிக்கா, 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சல்களுக்கும் அந்தச் சலுகையை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலேயே சிறு பார்சல்களுக்கும் வாட் கொண்டுவந்துவிட்டது. விற்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், பெட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், முறையாகப் பதிந்துகொள்ளுங்கள்.

வாங்கிய எண்ணைப் பராமரிப்பதும் முக்கியம். ஐ.இ.சி.க்குக் காலாவதி கிடையாது, ஆனால் 2021 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் டி.ஜி.எஃப்.டி. தளத்தில் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் உள்ளே போய் உறுதி செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் எண் செயலிழக்கும், திரும்ப உயிர்ப்பிக்கலாம்தான், ஆனால் அது செயலிழந்திருப்பது தெரிய வருவது பெரும்பாலும் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது. முகவரி, பங்குதாரர், வங்கிக் கணக்கு, தொடர்பு மின்னஞ்சல், எது மாறினாலும் எந்த நாட்டிலும் உடனே திருத்துங்கள். சுங்கத்தின் கடிதம் பழைய முகவரிக்குப் போய், பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்துவிட்டால், "கடிதம் கிடைக்கவில்லை" என்பது பெரிதாக எடுபடாது.

ஆவணங்களையும் எண்ணோடு சேர்த்தே வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது மூன்று ஆண்டு, அமெரிக்காவில் பொதுவாக ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஏஜென்டிடம் எல்லாம் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். ஏஜென்ட் மாறுவார், கடையை மூடுவார்; கேள்வி உங்களிடம்தான் வரும். ஒவ்வொரு என்ட்ரி முடிந்ததும் தாக்கல் செய்த அறிக்கையின் நகலை வாங்கி, இறக்குமதியாளர் பெயர், எண், சரக்கின் வகையைச் சொல்லும் எச்.எஸ். குறியீடு, மதிப்பு நான்கையும் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். தப்பு இருந்தால் தானாக முன்வந்து திருத்துவதற்குப் பெரும்பாலான நாடுகள் வழி வைத்திருக்கின்றன, அவர்கள் கண்டுபிடித்த பிறகு திருத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

தொழிலை நிறுத்துகிறீர்கள் என்றால் எண்ணையும் முறையாக ஒப்படைத்துவிடுங்கள். ஐ.இ.சி.யைத் தளத்திலேயே சரண்டர் செய்யலாம், இயோரியை ரத்து செய்ய அதைக் கொடுத்த நாட்டின் சுங்கத்திடம் கேட்கலாம். அதற்கு முன் கடைசிச் சரக்கின் என்ட்ரி முடிந்ததா, வர வேண்டிய ரீஃபண்ட் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்டுகளுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதங்களையும் எழுத்து மூலம் திரும்பப் பெற்றுவிடுங்கள்.